படி தாவிய தபீதாள்

நான் மருமகளாகச் சித்தூர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், தண்ணீர் நிறைந்த அண்டாவைத் தாண்டி என்னைக் கடந்து ஓடினாள். அண்டாவிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. என் கையிலிருந்த சொம்புதான் நழுவி விழுந்தது. "பயந்துட்டியா அண்ணி? பால்காரன் பூடுவான், அதான்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவள்தான் என் நாத்தனார் தபீதாள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

நாத்தனாரைப் பற்றி என் அம்மா நிறைய எச்சரித்து அனுப்பியிருந்தாள். வேவு பார்ப்பாள், கோள் மூட்டுவாள், உன் நல்ல புடவையாகப் பார்த்துக் கேட்பாள் என்றெல்லாம். இவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான், விடியற்காலையில் மைதானத்துக்குத் துணை. தனியாக ஓட அவள் அப்பா விடமாட்டார். அண்ணன் தனராஜை, அதாவது என் வீட்டுக்காரரை, அந்த நேரத்தில் எழுப்ப வேண்டுமானால் கோயில் மணியைக் கொண்டுவந்து காதருகில் அடிக்க வேண்டும். ஆகவே நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து தூங்கி வழிவேன். அவள் சுற்றிச் சுற்றி ஓடுவாள். திரும்பி வந்ததும் நான் வடித்து வைத்ததை ஒரு குறையும் சொல்லாமல் துடைத்துத் தின்பாள். என் சமையலை அந்த வீட்டில் அப்படிச் சாப்பிட்டது அவள் ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுவும் காரணம், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மாமா இயேசுதாசன் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபைக்கு மூப்பர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் பொட்டு கிடையாது, சினிமா கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும் கிடையாது. ஆனால் மற்ற ஆறு நாளும் பெண்ணை ஓட விட்டார். சபையில் யாராவது முகத்தைச் சுளித்தால், "காலு குடுத்தவரு ஓடத்தானே குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மகள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதனால்தான் பிற்பாடு நடந்தது எனக்கு அவ்வளவு கோபத்தை உண்டாக்கியது.

தபீதாளின் ஓட்டம் எண்ணூறு மீட்டர். மைதானத்தை இரண்டு சுற்று. எல்லாப் போட்டியிலும் அவள் இரண்டாவது. முதலாவது குப்பம் ஊர்க்காரி யசோதா. ஒரு முறையோ இரண்டு முறையோ என்றால் விட்டுவிடலாம், வருஷக்கணக்காக இதே கதை. எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகள் எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இரண்டாம் பரிசு. மாமா ஒவ்வொன்றையும் துடைத்து வைக்கும்போது, "ரெண்டாவதும் பரிசுதானேம்மா" என்பார். அந்த ஆறுதலைக் கேட்டால் தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படிப்பு முடிந்து திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. விடுதியில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை தோறும் சித்தூருக்கு பஸ் ஏறி வருவாள். யசோதா அந்த வருஷம் எல்லா மாவட்டங்களும் கலந்துகொண்ட போட்டியில் முதலாவதாக வந்து, விளையாட்டு கோட்டாவில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டாள். தபீதாளுக்கும் அந்த வேலைதான் வேண்டும். அதற்கு முதலிடம் வேண்டும். அடுத்த வருஷப் போட்டி திருப்பதியிலேயே நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆக, இருந்தது ஒரே ஒரு ஓட்டம்.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் யசோதாவை அவள் தற்செயலாகச் சந்தித்தாள். போட்டி போட்டவர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைப்பீர்கள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறார்கள். "உனக்கு மூச்சுல குறையே இல்ல தபீதா. என்னைவிட நல்ல மூச்சு. காலுதான் தரைய வுட்டு வர மனசில்லாம வருது. கடைசியில நான் உன்னைத் தாண்டுறது அதனாலதான். குதி. நல்லாக் குதி, ஆறு மாசம்" என்று யசோதா சொல்லியிருக்கிறாள். ரயில்வே முகாமில் ஓட்டக்காரிகள் எல்லாரையும் குதிக்கத்தான் விடுகிறார்களாம். தன்னைத் துரத்திக்கொண்டே வந்தவளுக்குத் தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஒரு மனசு வேண்டும். யசோதாவை நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், ஆனாலும் அவளை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த சனிக்கிழமை வந்ததும் எனக்கு எங்கள் முற்றத்தில் பாடம் நடந்தது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் கொஞ்ச நேரம் தங்குகிறதாம். தங்குகிற நேரம் குறைந்தால் வேகம் தானாகக் கூடுமாம். ஓடி ஓடி மூச்சு வளரும், ஆனால் அந்தச் சுருக்கு வராதாம். உட்கார்ந்து எழும்பி முழு பலத்தோடு குதிக்கிறவளுக்குத்தான் கெண்டைக்காலும் தொடையும் அதைப் பழகிக்கொள்ளுமாம். "சித்திரை வெய்யில்ல சுடு மண்ணுல வெறுங்காலோட நடப்பமே அண்ணி, அப்ப காலு எப்படிப் பட்டதும் எடுக்குது? அதேதான்" என்றாள். இது எனக்குப் புரிந்தது. நானும் ஒரு குதி குதித்துப் பார்த்தேன். சமையல் கட்டில் தட்டு ஒன்று விழுந்தது. என் வீட்டுக்காரர் வெளியே வந்து என்னையும் தட்டையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆர்வக்கோளாறில் முதல் வாரமே விடுதி மதில் மேலேறிக் கீழே குதித்திருக்கிறாள். மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. விடுதிக் காவலாளி லட்சுமம்மா, எலும்பு பிசகிவிட்டது என்று சொல்லி, புத்தூர் கட்டு போட்டே தீரவேண்டும் என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். புத்தூரில் காலைத் தடவிப் பார்த்தவர், எலும்பு கல் மாதிரி இருக்கிறது, சதைதான் கோபித்துக்கொண்டிருக்கிறது, போய்ப் படு என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. உயரத்திலிருந்து கீழே குதிப்பதை விட்டாள், தாழ்வான இடத்தில் மேல் நோக்கிக் குதித்தாள். பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கினாள். ஒரு நாள் குதித்தால் மறுநாள் காலுக்கு ஓய்வு கொடுத்தாள். கால் நோகிற அன்றைக்குக் குதிக்கவே மாட்டாள்.

தாழ்வான, அகலமான படிகள் வேண்டும் என்று தேடினாள். பள்ளிக்கூடத்துப் படிகள் ஏழெட்டுதான், அதிலும் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். விடுதிப் படியில் குதித்தால் லட்சுமம்மா பெருக்குமாற்றோடு வந்தாள். திருப்பதியில் படிக்கு என்ன பஞ்சம்? மலையடிவாரத்து அலிபிரியில் ஆரம்பித்தால் மலை மேல் கோயில் வரை படிதான். அங்கே போனாள்.

இங்கேதான் வினை. அவளுடைய பள்ளியில் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு அணியாகப் பிரித்திருந்தார்கள். இவள் மஞ்சள் அணிக்கு டீச்சர், ஆகவே விளையாட்டுச் சட்டையும் மஞ்சள், இடுப்பில் கட்டிய துணியும் மஞ்சள். அந்தப் படிகளில் எல்லாரும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், நாம் மட்டும் கான்வாஸ் ஷூவோடு மிதிப்பது மரியாதை இல்லை என்று ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவாள். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, உட்கார்ந்து எழும்பி, படி படியாகக் குதிப்பாள், வாய்க்குள் எண்ணிக்கொண்டு. மஞ்சள் துணி, வெறுங்கால், முணுமுணுப்பு, குதி. முழங்காலால் ஏறுகிறவர்களும் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களும் போகிற வழியில் இதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ பெரிய வேண்டுதல் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் வாழைப்பழம் கொடுத்தாள், இன்னொரு அம்மாள் படிக்கு வைத்த குங்குமத்தை இவள் நெற்றியிலும் வைத்தாள். இவளுக்கு யார் மனதையும் முறிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டாள்.

அப்படியே இறங்கி வந்து விடுதிக்குத் திரும்புகிறவளை, பஸ் நிலையத்துப் பக்கத்தில் எங்கள் சபைக் கமிட்டிக்காரர் சின்னப்பன் பார்த்துவிட்டார். மகளைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்தவர், மகளை மறந்துவிட்டு இவளையே பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பியும் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கெட்ட எண்ணத்துல சொல்லல மூப்பரே. நெத்தியில குங்குமம், ஒடம்புல மஞ்சத் துணி, கையில பழம். மலை மேல வேண்டிக்கினு வந்துகீது உங்க பொண்ணு. வேலைக்கோசரம்னு பேசிக்கிறாங்க. இந்தக் கண்ணால பார்த்தேன்."

தபீதாள் அப்போது வீட்டில்தான் இருந்தாள். வந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். படியில் குதித்தது உண்மை, குங்குமம் உண்மை, வேண்டுதல் மட்டும் இல்லை என்றாள். குதிப்பதற்கும் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று சின்னப்பன் கேட்டார். சுடு மண் கதையை அவருக்கும் சொன்னாள். அவர் என் மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கேட்டீங்களா கதையை என்கிற மாதிரி. நான் அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன்.

அவர் போன பிறகு மாமா சொன்னார், "போதும்மா. இனிமே ஓட வேணாம். மாசம் முடிஞ்சதும் வேலைய வுட்டுட்டு ஊட்டுக்கு வந்துடு."

"நைனா, போட்டிக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் கீது" என்று தபீதாள் அப்பாவைக் கெஞ்சினாள்.

"ரெண்டாவது பரிசு நம்ம ஊட்டுல நெறைய கீது" என்றார் மாமா.

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. தபீதாள் உள்ளே போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். என் சமையலை அவள் வேண்டாம் என்று சொன்னது அன்று ஒருநாள்தான்.

நான் பொதுவாக மாமாவிடம் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். "கண்ணால பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னதும் நம்பிட்டீங்க மாமா. உங்களுக்கும் கண்ணு கீது. வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம். பார்த்துட்டு அப்புறம் நிறுத்துங்க" என்றேன். அவர் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நானும் விடவில்லை. வியாழக்கிழமை வரை சாப்பாடு போடும்போதெல்லாம் அதையே கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "காலையில மொதல் பஸ் எத்தினி மணிக்கு?" என்றார்.

சனிக்கிழமை பொழுது விடிகிற நேரத்தில் அலிபிரியில் இறங்கினோம். தபீதாளிடம் நாங்கள் வருவதாகச் சொல்லவில்லை. அவள் வருவாளா என்றே எனக்குப் பயமாக இருந்தது, ஓட வேண்டாம் என்று அப்பா சொல்லியாயிற்றே. ஆனால் குதிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். தூரத்திலேயே மஞ்சள் சட்டை தெரிந்தது. மாமா படிக்கு ஓரமாக, ஒரு கல் மேல் குடையை ஊன்றி நின்றார்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. கீழே நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். பாதி உட்கார்ந்தாள், கையை வீசினாள், எழும்பினாள். ஒரு படியை விட்டு மேல் படியில் கால் பதித்தாள், பட்டதும் மறுபடி எழும்பினாள். இடையில் நிற்கவே இல்லை. கால் பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. நானே அதுவரை முற்றத்தில் பார்த்தது பாடம்தான், இது வேறு. மேலே போய் நின்று, மெதுவாக நடந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து ஆறிக்கொண்டு, மறுபடி குதித்தாள். முகத்தில் வேர்வை வழிந்தது. மாமாவின் உதடு அசைந்தது. அவர் அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மொட்டை போட்ட ஒரு கிழவி எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் குங்குமத் தட்டு. தபீதாளைப் பார்த்துவிட்டு மாமாவிடம் தெலுங்கில் கேட்டாள், "ஏமி மொக்கு நாயனா?" அது என்ன வேண்டுதல் என்று.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொக்கு காதம்மா. பருகு பந்தெம். நா கூதுரு" என்றார். வேண்டுதல் இல்லையம்மா, ஓட்டப் பந்தயம், என் மகள் என்று அர்த்தம்.

கிழவிக்கு அதெல்லாம் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. ஜெயிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போய், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளின் நெற்றிக்குக் கையை நீட்டினாள். தபீதாள் குனிந்தாள். குனிந்து நிமிர்ந்தபோதுதான் எங்களைப் பார்த்தாள். நெற்றியில் குங்குமத்தோடு, துடைக்கவும் தெரியாமல், விடவும் தெரியாமல் நின்றாள்.

மாமா படி ஏறி அவளிடம் போனார். தோள் துண்டை எடுத்து அவள் முகத்து வேர்வையைத் துடைத்தார். கன்னம், கழுத்து எல்லாம் துடைத்தார். நெற்றியில் மட்டும் கை வைக்கவில்லை, கிழவி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாரு பொண்ணு, எண்ணும்போது பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு சொல்றே. ஒன்னு வுட்டுட்டே" என்றார்.

"பதிமூணு சொன்னா மூச்சு வாங்குது நைனா" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஸ்தோத்திர காணிக்கை கொடுக்கிறவர்கள், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை உறையின் மேல் எழுதிக் கொடுப்பது வழக்கம். போதகர் ஐயர் அதைச் சபை முன்னால் வாசிப்பார். சுகப்பிரசவத்துக்காக, பிள்ளை பாஸ் பண்ணியதற்காக, மாடு திரும்பக் கிடைத்ததற்காக. சின்னப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூப்பர் இன்று மகளைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று சபை காத்திருந்தது என்றே சொல்லலாம், விஷயம் அதற்குள் காட்பாடி ரோடு வரை போயிருந்தது. ஐயர் ஓர் உறையை எடுத்து, ஒரு தரம் தனக்குள் படித்துப் பார்த்துவிட்டு, சத்தமாக வாசித்தார்.

"இயேசுதாசன் குடும்பத்தார், மகள் தபீதாள் நன்றாகக் குதிக்கிறதற்காக."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னப்பன் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். தபீதாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தத் தலைப்பு அப்புறம் கிழிந்தே போயிற்று.

போட்டியன்று மாமா குடையோடு மைதானத்தில் நின்றார். அனந்தப்பூரிலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தி முதல் சுற்றிலிருந்தே முன்னால் போனாள். தபீதாள் வழக்கம்போல இரண்டாவது. கடைசி வளைவு வந்தது. எப்போதும் அந்த இடத்தில்தான் அவள் கால் கனத்துப்போகும், ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை. வளைவிலிருந்து வெளியே வந்தவள், படியில் எழும்பிய மாதிரியே எழும்பினாள். அனந்தப்பூர்ப் பெண்ணின் கால் தரையிலேயே இருந்தது, இவள் கால் பட்டதும் எடுத்தது. எல்லைக் கயிறு தபீதாளின் மார்பில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ரயில்வே வேலை அடுத்த வருஷம் வந்தது. ரேணிகுண்டாவில் பார்சல் ஆபீஸ். போன வாரம்கூடப் பார்த்தேன். இரண்டு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாள், இன்னும் மூட்டைகளைச் சுற்றிப் போக மாட்டாள், தாண்டித்தான் போகிறாள். முட்டி வலி கிடையாது, கணுக்கால் பிசகினது கிடையாது. தட்டு விழுந்ததோடு நிறுத்திக்கொண்ட நான்தான் மாத்திரை விழுங்குகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளுடைய முதல் சம்பளத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஜெயித்ததற்கு ஏன் காணிக்கை போடவில்லை என்று ஐயர் மாமாவை முன்பே கேட்டிருந்தார். "நான் குதிச்சதுக்கே போட்டுட்டேன் ஐயரே. ஜெயிச்சதுக்கும் வேலைக்கும் அவளே போடுவா, சம்பளம் வரட்டும்" என்று மாமா சொல்லியிருந்தார். அதனால் அன்று தபீதாளின் உறையை ஐயர் எடுத்ததும், என்ன வாசிக்கப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்தோம்.

ஐயர் வாசித்தார். "தபீதாள், தன் நைனா அலிபிரிக்கு வந்து பார்த்ததற்காக."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.